மண்ணுக்குள்ளே காகிதம்

மூன்றாம் நாள் காலையில் வாளியின் மூடியைத் திறந்ததும் வீடே நாறிப்போனது. தென்காசியில் மே மாதக் கடைசி வெயில். அடுக்களையில் இருந்த ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஏட்டி, என்னத்தைச் செத்துப் போட்டு வச்சிருக்கே?" என்று கேட்டார். செத்ததெல்லாம் ஒன்றுமில்லை. களிமண்ணும் பழைய செய்தித்தாளும்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து வெக்கையில் ஊறினால் இப்படித்தான் ஆகும் என்பதைப் பயிற்சியில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அங்கே செய்த மண்ணை அன்றன்றே தீர்த்துவிட்டார்கள்.

அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் வெளியூரில் பத்து நாள் மட்பாண்டப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். சக்கரத்தில் பானை வனையக் கற்கலாம் என்ற ஆசையில்தான் போனாள். சக்கரம் அவளுக்குக் கடைசிவரை வசப்படவில்லை. மண் நடுவில் நிற்கவே ஆறு நாள் ஆனது, நின்ற பிறகும் சுவர் எழும்பவில்லை. (டிவியில் பார்க்கும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!) கையில் தங்கியது ஏழாம் நாள் சொல்லிக்கொடுத்த காகிதக் களிமண்தான்.

காகிதக் களிமண் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் செய்வோமே, காகிதக்கூழ் முகமூடி, அது இல்லை. இதில் மண்தான் பிரதானம். நன்றாகக் காய்ந்த களிமண்ணை உடைத்துத் தண்ணீரில் போட்டால் அது தானாகவே கரைந்து குழம்பாகும். ஈரமண் இப்படிக் கரையாது, கட்டி கட்டியாக நிற்கும். காகிதத்தைத் தனியாக ஊறவைத்து, மிக்சியில் அடித்து, பிழிந்து அந்தக் குழம்பில் கலக்க வேண்டும். அளவு எடையில் இல்லை, கொள்ளளவில். மூன்று குவளை மண்குழம்புக்கு ஒரு குவளை கூழ் என்பது ஆரம்பக்காரர்களுக்குச் சரியான கணக்கு. பிறகு சாந்துப் பலகையில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பலகை) பரப்பினால் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். பிசைகிற பதத்துக்கு மண் வந்துவிடும்.

இந்த முறையை ஆராய்ந்து உலகத்துக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ரோசெட் கால்ட் என்ற அமெரிக்கக் கலைஞர். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கனடாவின் பான்ஃப் கலை மையத்தில் தங்கிச் சோதனைகள் செய்தார். 1998-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

சரி, காகிதம் அப்படி என்ன செய்துவிடுகிறது? காகிதத்தின் நார் நுண்ணிய குழாய் மாதிரி, உள்ளே வெற்றிடம். ஈரத்தை உறிஞ்சி மண் முழுக்கக் கொண்டுபோகும். மண் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது பிளக்கப் பார்க்கும். அந்தப் பிளவின் இரண்டு கரையையும் நார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மண்ணில் காய்ந்த துண்டோடு ஈரத் துண்டை ஒட்டினால் ஈரமானது மட்டும் சுருங்கிப் பிய்ந்துகொண்டு வரும். அதனால்தான் கைப்பிடி வைப்பதென்றால் பானையும் கைப்பிடியும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்று தலைப்பாடாகச் சொல்கிறார்கள்.

எட்டாம் நாள் அவள் செய்த தாமரை இலைத் தட்டு, காய்ந்தபின் கை தவறி மூன்றாக உடைந்தது. அவள் அதைத் தொட்டித் தண்ணீரில் போடப் போனாள். பயிற்சி ஆசிரியர் தடுத்து, உடைந்த ஓரங்களை நனைத்து, அதே காகிதக் குழம்பைத் தடவி ஒட்டச் சொன்னார். காய்ந்ததோடு காய்ந்தது! மறுநாள் பார்த்தால் ஒட்டிய தடம் இருந்தது, விரிசல் இல்லை. சக்கரத்தில் ஆறு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தவளுக்கு, தப்பைப் பொறுத்துக்கொள்கிற ஒரு மண் கிடைத்தது பெரிய விஷயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாந்துப் பலகை இல்லை. சுட்ட செங்கல்லை வரிசையாக அடுக்கி மேலே பழைய வேட்டியை விரித்தாள், போதுமாக இருந்தது. மண்ணுக்குத் தேன்பொத்தைக்குப் போனாள். செங்கோட்டைப் பக்கம் மண்பாண்டத் தொழில் நடக்கிற ஊர். அங்கே ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"மண்ணுல காயிதமா? எரிஞ்சு போயிருமே தாயி."

"எரியத்தான் வேணும் தாத்தா. எரிஞ்ச இடம் ஓட்டையா நிக்கும், அதான் கனம் இருக்காது."

"நாங்க உமி போடுவோம்லா, அது மாதிரியா?"

அது மாதிரிதான். அய்யனார் கோயில் குதிரை மாதிரிப் பெரிய உருவங்களுக்கு மண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். கனத்த சுவர் சீராகக் காய வேண்டும், சூளையில் வெடிக்கக் கூடாது. உமி செய்யும் வேலையைக் காகித நார் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது, அவ்வளவுதான். பெரியவர் ஒரு சாக்கு மண் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, காசு வாங்கினார். வாங்கியதும் நியாயம். குளத்து மண் எடுக்க அனுமதிக்காக அலைவது இந்தத் தொழிலில் தீராத தலைவலியாக இருந்தது. தாசில்தார் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024-ல்தான் அரசு விதியைத் தளர்த்தியது.

நாறிய வாளிக்கு வருவோம். ஆச்சி திட்டி முடித்தபின் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "கூழே சரியா அரையல. துணிக்கடை நோட்டீஸெல்லாம் போட்டிருக்கே. வழவழத் தாள் கரையுமாட்டி?" என்றார். ஆச்சிக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, குடத்தின் மேல் அப்பிக் காயவைத்துப் பெட்டி செய்தவர்களில் அவரும் ஒருவர். சொளகின் ஓட்டையை அடைக்கவும் அதே கூழ்தான். அப்படிச் செய்த ஒரு பெட்டியில் இன்னமும் வீட்டில் மிளகாய் வற்றல் இருக்கிறது. எந்தத் தாள் எத்தனை நேரம் ஊறும், எவ்வளவு பிழிய வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பத்து நாள் கட்டணம் கட்டிப் படித்ததில் பாதி வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது!

இரண்டாம் வாளி நாறவில்லை. கூழ் வேண்டிய அளவுக்கு மட்டும் அரைத்தார்கள். மிஞ்சிய மண்ணை அப்பளம் மாதிரி தட்டிக் காயவைத்து எடுத்து வைத்தார்கள். காய்ந்துவிட்டால் கெடாது, வேண்டும்போது நனைத்துக்கொள்ளலாம். ஆச்சியின் பெட்டியைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போட்டு, அதே வடிவத்தில் ஒரு மண்பெட்டி செய்தாள். கூட நாலு சின்னத் தட்டு.

அதற்குள் ஜூன் வந்துவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பி, சாரல் ஆரம்பம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றால் தென்காசிக்கே கொண்டாட்டம், சொந்தக்காரர்கள் எண்ணெயும் துண்டுமாக வந்து இறங்குவார்கள். அருவியிலிருந்து தென்காசி ஐந்து கிலோமீட்டர்தான், அதே ஈரக்காற்றுதான் இங்கேயும். பானை செய்கிறவர்களுக்கு இது கொண்டாட்டம் இல்லை. வனைந்தது காயாது, காயாததைச் சூளையில் வைக்க முடியாது. மழைக்காலத்தில் வேலை இழக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுப்பது இதனால்தான். ஆச்சி ஐந்து உருப்படியையும் அடுப்பு மேட்டிலேயே வைத்துக் காயவைத்தார். சாதாரண மண்ணை இப்படி அவசரமாகக் காயவைத்தால் பிளந்திருக்கும். பெட்டியின் மூலையில் மட்டும் ஒரு கீறல் விழுந்தது, குழம்பைத் தடவியதும் மூடிக்கொண்டது.

சுடுவதுதான் சிக்கல். பெரியவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "உள்ள ஈரம் இருந்து உன் சாமான் வெடிச்சா, பக்கத்துல இருக்க என் பானையும்லா போகும்?" மாதத்தில் வெயில் கண்ட இரண்டு மூன்று நாளை நம்பி அடுக்குகிற சூளை அது. அவளுக்கு அது ஒரு பெட்டி, அவருக்கு அந்த மாத வருமானம். அவள் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே, மேல் ஓரத்தில் தனியாக வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். முதல் ஒரு மணி நேரம் காகிதம் கருகுகிற புகை வந்தது, வீட்டுக்குள் இருக்கும் மின்சூளையில் என்றால் சன்னலைத் திறந்து வைத்தே ஆக வேண்டும்.

எதுவும் வெடிக்கவில்லை. ஒரு தட்டு மட்டும் வளைந்துபோனது. பெட்டி எடை இல்லாமல் இருந்தது. பெரியவர் விரலால் சுண்டிப் பார்த்தார். "சத்தம் மொத்துன்னு இருக்கு. தண்ணி நிக்காது, கசியும்" என்றார். ஊற்றிப் பார்த்தார்கள், கசிந்தது. நார் எரிந்த ஓட்டைகள் சும்மா இருக்குமா? இந்தச் சூட்டில் சுட்டால் குடத்துக்கும் குழம்புச் சட்டிக்கும் இது சரிப்படாது என்பதில் சந்தேகமே இல்லை.

பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே இரண்டு மண் அடுப்பு. தடித்த சுவர், சாரலில் பாதி காய்ந்து குமிழுக்குக் கீழே பிளந்து நின்றன. இந்த மாதிரி பிளந்தவற்றைத் திரும்ப ஊறப்போட்டு மிதிப்பதுதான் வழக்கம்.

"அந்தக் காயிதக் குழம்பு மிச்சம் இருக்கா தாயி?"

சாதாரண மண்ணில் விழுந்த விரிசலைக் காகித மண்குழம்பு பிடிக்குமா என்பது பயிற்சியில் சொல்லித்தரப்படவில்லை. சிலசமயம் பிடிக்கும், நிச்சயம் இல்லை என்று மட்டும் சொன்னாள். அவர் பரவாயில்லை என்று ஒரு அடுப்பில் மட்டும் தடவிவிட்டு, இன்னொன்றை அப்படியே ஊறப்போட்டார். மறுநாள் ஆச்சி அரைத்துக் கொடுத்த கூழோடு அவள் திரும்பவும் தேன்பொத்தைக்குப் பஸ் ஏறினாள். தடவிய அடுப்பு இன்னும் காயவில்லை, வெளியே சாரல் விடவில்லை.