உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பெப்சி உமா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வரும். சன் டிவியில் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். போனில் கூப்பிட்டவர்களிடம் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், நாலு வார்த்தை பேசிச் சிரிப்பார், கேட்ட பாட்டைப் போடுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இதில் என்ன இருக்கிறது என்று அப்போதே எங்கள் வீட்டு ஆண்கள் கேட்டார்கள். பெண்களுக்கு அதில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன் எங்களுக்கு இருந்தது வானொலியின் நேயர் விருப்பம். 15 பைசா அஞ்சலட்டையில் பாட்டையும் பெயரையும் எழுதிப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வாசிப்பவர் வேகமாகப் பத்துப் பெயர்களை அடுக்குவார். பெண் பெயர் என்றால் பெரும்பாலும் அப்பா, அண்ணன் பெயர்களோடு சேர்ந்துதான் வரும். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தது. அவர்கள் போட்ட பாட்டைப் பார்த்தோம். யாரும் நம்மை ஒன்றும் கேட்கவில்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் தெருத்தெருவாக கேபிள் வயர் ஓடியது. அப்போதுதான் இந்த உமா வந்தார். நல்ல சேலை, பெரிய சிரிப்பு, பாதித் தமிழும் பாதி இங்கிலீஷும். சேலைக்காகப் பார்த்தவர்கள் உண்டு, கம்மலுக்காகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அவர் கூப்பிட்டவர்களிடம் கேட்ட கேள்விகள். உங்க பேரு என்ன, என்ன செய்றீங்க, என்ன பாட்டு வேணும், யாருக்காகப் போடணும்.

சாதாரணக் கேள்விகள்தானே? ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குப் பெயரே கிடையாது. மூத்தவன் அம்மா, கடைக்காரர் வீடு, மேலவீட்டு மருமகள், அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானே டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் என் பெயர் எனக்கு ஞாபகம் வரும்.

என் எதிர்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கணவர் வளைகுடாவில். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை, சாயங்காலம் வீட்டில் மாமியார், மாமனார், இரண்டு குழந்தைகள். நிகழ்ச்சிக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. வீட்டில் போன் ஏது? முக்கில் ஒரு எஸ்.டி.டி. பூத். துணைக்கு என்னைக் கூப்பிடுவாள். டீச்சரோடு போகிறாள் என்றால் மாமியார் ஒன்றும் சொல்ல முடியாது.

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று 044 போட்டு எண்ணை அமுக்குவாள். என்கேஜ்டு. மறுபடி போடுவாள். என்கேஜ்டு. லைன் கிடைத்தால்தான் காசு என்பதால் சிவப்பு எழுத்து மீட்டர் சுழியத்திலேயே நிற்கும். வெளியே நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பூத்காரர் கதவைத் தட்டுவார். உமா நிகழ்ச்சியில் லைன் கிடைக்காதவர்களுக்கு 'கீப் ட்ரையிங்' என்று சொல்லுவார் அல்லவா? இவள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள். பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்போம். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன். "லைன் கெடச்சா யாருக்காகப் போடச் சொல்லுவே? அவருக்கா?"

"எனக்குத்தான் டீச்சர். அவருக்கு நான் காயிதம் எழுதுதேன், புள்ளைகளுக்குச் சோறு பொங்குதேன். பாட்டாவது எனக்கு இருக்கட்டுமே."

அந்தப் பதிலை இத்தனை வருஷமாக நான் மறக்கவில்லை. அவள் யார்மேலும் கோபமாகச் சொல்லவில்லை. தனக்கென்று ஒன்று கேட்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நிகழ்ச்சிக்குப் பேசிய ஆண்களில் சிலர் பாட்டைவிட்டுவிட்டு உமாவின் அழகைப் பற்றியே பேசுவார்கள். அவர் சண்டை போடமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். ஒரு சிரிப்பு, ஒரு நன்றி, பேச்சு நேரே பாட்டுக்குப் போய்விடும். பேச்சு எதுவரைக்கும் என்பது அவர் கையில்தான் இருந்தது. சிரித்துப் பேசுகிற பெண்ணைப் பற்றி நம் ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிரித்துப் பேசவும் செய்யலாம், கோட்டையும் தாண்டவிடாமல் நிறுத்தலாம் என்பதை வேலைக்குப் போகும் பெண்கள் நாங்கள் அவரைப் பார்த்துத்தான் பழகினோம். பில் வாங்க ஒரு அலுவலகத்துக்குப் போனால் அங்கே ஒருவர் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார். நானும் சிரித்தபடி "சரி சார், பில்லைப் பார்க்கலாமா" என்பேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் பில்லை மட்டும்தான் பேசினார்.

வகுப்பிலும் இதைப் பயன்படுத்தினேன். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எழுந்து நின்றால் வாயே திறக்கமாட்டார்கள். சனிக்கிழமை வகுப்பு வைக்கும் நாட்களில் கடைசிப் பாடவேளையை 'உங்கள் சாய்ஸ்' ஆக்கினேன். ஒருத்தி உமா. இன்னொருத்தி மூலையில் நின்று ஜாமெட்ரி பாக்ஸைக் காதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பெயர், ஊர், பெரியவளானால் என்ன ஆக ஆசை, எந்தப் பாட்டு வேணும். பாட்டை வகுப்பே சேர்ந்து பாடும். என் முகத்தைப் பார்த்துப் பேச வராத பிள்ளைகள் அந்த டப்பாவிடம் மடமடவென்று பேசின. மேரேஜ் பீரோ மாதிரி இருக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும். அடுத்த வருஷம் சுதந்திர தின மேடையில் பேச ஐந்து பெண் பிள்ளைகள் கை தூக்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் உமாதான் காரணம் என்று சொன்னால் அது பொய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்து பெண்களைக் கையெழுத்துப் போட வைத்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. மகளிர் குழுக்கள் வந்தன. பெரிய வேலைகளை அவைதான் செய்தன. இந்த நிகழ்ச்சியோ குளிர்பானம் விற்க வந்தது. அந்தப் பெயர் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் அறிவொளி பெயரை எழுதச் சொல்லிக்கொடுத்தது என்றால், அந்தப் பெயரை நாலு பேர் கேட்க உரக்கச் சொல்லும் ஆசையை இந்த மாதிரி ஒரு சின்ன விஷயமும் வளர்த்தது. என் எதிர்வீட்டுப் பெண் பிறகு மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவளாக ஆனாள். முதல் கூட்டத்தில் எழுந்து, யாருடைய மனைவி என்று சொல்லாமல், தன் பெயரை மட்டும் சொன்னாள்.

உமா சினிமாவுக்குப் போகவில்லை. வாய்ப்புகள் வந்தும் வேண்டாம் என்றதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது பெரிய ஆச்சரியம். எல்லோரும் ஓடுகிற இடத்துக்கு எனக்குப் போக விருப்பமில்லை என்று ஒரு பெண் சொல்லலாமா? சொல்லலாம். அதுவும் சாய்ஸ்தானே.

இப்போது என் பேத்தி கைப்பேசியைத் தொட்டால் அதுவே அடுத்தடுத்த பாட்டைப் போட்டுக்கொண்டு போகிறது. வசதிதான். ஆனால் உன் பேரு என்ன, யாருக்காக என்று அது கேட்பதில்லை.

அதனால் நான் கேட்கிறேன். இதைப் படிக்கும் சகோதரிகள், மாணவிகள், எல்லோரும் கீழே எழுதுங்கள். உங்கள் பெயர், ஊர், என்ன பாட்டு, யாருக்காக. உங்களுக்காகவே என்றால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள்.