கோசி: வெள்ளம் வடிந்த பிறகும் வடியாத துயரம்

மழை வந்தால் உழவன் மகிழ்வான் என்பார்கள். ஆனால் வடக்கு பீகாரில் மழைக்காலம் நெருங்கினாலே பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காரணம், கோசி ஆறு! இமயமலையில் இருந்து நேபாளம் வழியாக இறங்கி வந்து கங்கையில் கலக்கும் இந்த ஆற்றுக்கு 'பீகாரின் துயரம்' என்றே ஒரு பெயர் உண்டு.

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தில் உள்ள குசஹா என்ற இடத்தில் கோசியின் கரை உடைந்தது. ஆறு எப்போதோ கைவிட்டுப் போன பழைய பாதையில் திரும்பி, சுபோல், மாதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களுக்குள் புகுந்தது. 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் வெள்ளத்தையே மறந்திருந்தவர்கள். வீட்டில் படகும் இல்லை, ஓடுவதற்கு மேடும் இல்லை.

இது இயற்கையின் சீற்றம் மட்டும் தானா? இல்லை. அந்தக் கரை விநாடிக்கு 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்க வேண்டியது. உடைந்த அன்று ஓடிய நீரோ 2 லட்சம் கன அடிக்கும் குறைவு! பராமரிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கும்.

இறந்தவர்களுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. பிழைத்தவர்கள் பட்ட பாட்டுக்கு? தண்ணீர் வடிந்த வயலில் மணல் மேடிட்டுக் கிடந்தது. மாடு போயிற்று, விதைநெல் போயிற்று, கடன் மட்டும் மிஞ்சியது. ஆண்கள் பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் கூலி வேலைக்கு ரயில் ஏறினார்கள். ஊரில் பெண்களும் முதியவர்களும் தனியாக நின்றார்கள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1950களில் ஆற்றின் இரு பக்கமும் கரை எழுப்பியபோது, 300க்கும் மேற்பட்ட கிராமங்கள் கரைகளுக்கு உள்ளேயே சிக்கிக்கொண்டன. கரைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு, உள்ளே இருப்பவர்களுக்கு வருடா வருடம் வெள்ளம்! ஆறு கொண்டு வரும் வண்டலும் கரைகளுக்கு நடுவிலேயே படிந்து, ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே போகிறது.

1950களின் தொடக்கத்தில் பீகாரில் இருந்த கரைகளின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். வெள்ள அபாயம் இருந்த நிலம் 25 லட்சம் ஹெக்டேர். இன்று கரைகள் 3,700 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டன. அபாயம் உள்ள நிலமோ குறையவில்லை, 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆகிவிட்டது!

2024 செப்டம்பர் இறுதியில் கோசி தடுப்பணையில் இருந்து விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தர்பங்கா மாவட்டத்தில் மீண்டும் கரை உடைந்தது. மீண்டும் குடும்பங்கள் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ், கரையின் மேலேயே குடியேறின.

வெள்ளத்தின்போது வானத்தில் இருந்து போடும் உணவுப் பொட்டலம் சில நாள் பசியைத் தீர்க்கும். மணல் மூடிய வயலுக்கு இழப்பீடு, மேடான இடத்தில் வீடு, மழைக்காலம் முழுக்க மருத்துவப் படகு, இவை தான் அந்த மக்களை அடுத்த ஆண்டு வரை வாழ வைக்கும். வெள்ளம் எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது தானே? உதவி மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் தாமதமாக வர வேண்டும்?