கோட்டை முதல் சானடோரியம் வரை: மின்சார ரயிலில் ஒரு மருத்துவப் பயணம்

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். 1931-லிருந்து ஓடுகிறது. ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், தி.நகரில் துணி எடுக்கப் போகும் குடும்பங்கள் என்று எப்போதும் கூட்டம். ஒரு டீ காசுக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்விடலாம்.

இதே தடத்தில் ஐந்து ஸ்டேஷன்களில் மட்டும் இறங்கிப் பாருங்கள். கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, தாம்பரம் சானடோரியம். 'இவர் எப்படி இறந்தார்?', 'அடுத்தவரை எப்படிக் காப்பாற்றுவது?' என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த ஊர் 300 ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் தேடிய கதை வரிசையாகக் கிடைக்கும். அதன் மையத்தில் நிற்கிறது, நாம் ஜி.ஹெச். என்று அழைக்கும் சென்னை அரசுப் பொது மருத்துவமனை.

முதல் ஸ்டேஷன்: கோட்டை

ரயிலிலிருந்து இறங்கிச் சற்று நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. உள்ளே உள்ள கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஜி.ஹெச். பிறந்தது இந்தக் கோட்டைக்குள்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயாளிச் சிப்பாய்களுக்காக 1664-ல் ஒரு சிறிய மருத்துவமனையாகத் தொடங்கினார்கள்.

1693 ஆகஸ்டில் கோட்டையே பரபரப்பானது. கம்பெனியின் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் திடீரென்று இறந்துபோனார். விஷம் என்று சந்தேகம். அவருக்கு மருந்து கொடுத்தவர் சாமுவேல் பிரவுன் என்ற டாக்டர். கொடுத்த மருந்து முத்துப் பொடி. நம் சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் இருப்பதுபோல அன்றைய ஐரோப்பிய மருத்துவத்திலும் முத்தை அரைத்துக் கொடுப்பது வழக்கம்.

முத்தில் கோளாறு இல்லை. அதை அரைத்த கல்வத்தில்தான் கோளாறு. அதே கல்வத்தில் அதற்கு முன்பு பாஷாணம், அதாவது ஆர்சனிக் அரைத்திருக்கிறார்கள். தன் மருந்தாலேயே வீலர் இறந்துவிட்டதாக பிரவுன் ஆளுநருக்கு எழுதினார். எட்வர்டு பல்க்லி என்ற இன்னொரு டாக்டர் வீலரின் உடலை அறுத்துப் பரிசோதித்தார். இந்தியாவில் சட்ட விசாரணைக்காக நடந்த முதல் உடற்கூறாய்வு என்று மருத்துவ வரலாற்றில் பதிவானது இதுதான்.

இது கொலையா, கவனக்குறைவா? விடை தெரியாமல் போயிருந்தால் கல்வத்தில் மருந்து அரைத்த வேலைக்காரர் கொலைகாரப் பட்டத்தோடு தூக்குக்குப் போயிருக்கலாம். விசாரணை முடிவில் டாக்டரும் வேலைக்காரரும் விடுவிக்கப்பட்டார்கள். குற்றவாளியைப் பிடிக்கத்தான் போஸ்ட்மார்ட்டம் என்று நினைக்கிறோம். நிரபராதியை விடுவிப்பதும் அதன் வேலைதான்.

இரண்டாவது ஸ்டேஷன்: பூங்கா

அடுத்த ஸ்டேஷன் பூங்கா. வெளியே வந்தால் ஒரு பக்கம் சென்ட்ரலின் சிவப்புக் கோபுரம், மறு பக்கம் ஜி.ஹெச். சுரங்கப்பாதையில் சூட்கேஸ் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களும், கையில் எக்ஸ்ரே கவரோடு மெதுவாக நடக்கிறவர்களும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போகிறார்கள்.

1772-ல் மருத்துவமனை கோட்டையிலிருந்து இந்த இடத்துக்கு வந்தது. 1835-ல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1850-ல் அது கல்லூரியானது. அதுதான் இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரி. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு இப்போது இரட்டை அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. கல்லூரிப் பக்கம் போனால் செங்கல் நிறத்தில் ஒரு பழைய கட்டடம் கண்ணில் படும். மாணவர்கள் செல்லமாக 'ரெட் ஃபோர்ட்' என்பார்கள். தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் மனித உடலைப் படித்த உடற்கூறியல் கட்டடம் அது.

2011-ல் இந்த மருத்துவமனைக்கு ராஜீவ் காந்தி பெயர் சூட்டப்பட்டது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட அவரது உடல் கொண்டுவரப்பட்டதும், உடற்கூறாய்வு நடந்ததும் இங்கேதான். இடுப்பில் கட்டிவந்த வெடிகுண்டுதான் காரணம் என்பதை, சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் மற்ற தடயங்களையும் ஒன்றுசேர்த்து நிரூபித்தவர் அப்போதைய தமிழகத் தடய அறிவியல் துறை இயக்குநர் பி.சந்திரசேகரன்.

தடய அறிவியலில் சென்னைக்கு இன்னொரு முதலிடமும் உண்டு. 1693-ல் பல்க்லியால் உடலை அறுத்துப் பார்க்க முடிந்தது. ஆனால், உள்ளே இருந்தது ஆர்சனிக்தான் என்று உறுதிசெய்யும் சோதனை அன்று உலகத்திலேயே கிடையாது. உடல் உறுப்பில் சிறிதளவு ஆர்சனிக் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனையை ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836-ல்தான் வெளியிட்டார். அடுத்த 13 ஆண்டுகளில், 1849-ல், இறந்தவர் உடலில் விஷம் இருக்கிறதா என்று கண்டறிய இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் சென்னையில் அமைந்தது.

மருத்துவமனையின் ஒரு பகுதிக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. பிணவறை வாசல். அதுவும் சுற்றிப்பார்க்கும் இடமில்லை. அங்கே நிற்கிறவர்களை போன் கேமராவில் பிடிக்கவும் கூடாது. ஆனால், அந்த வாசலில் என்றாவது நிற்க நேர்ந்தால் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் எதுவானாலும் முதலில் போலீஸ் விசாரணை நடக்கும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு இதைச் சொல்கிறது. போலீஸ் எழுத்து மூலம் கேட்ட பிறகுதான் டாக்டர் உடலைத் தொட முடியும். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு யுகமாகத் தெரியும் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் காகிதங்களுக்காகத்தான். திருமணமான 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் சேர்ந்துகொள்ளும். அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வுக்குக் கட்டணம் கிடையாது.

'சாயங்காலத்துக்கு மேல் செய்ய மாட்டார்கள்' என்பது பழைய பேச்சு. போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய நிலையில் உள்ள உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு மட்டும், சட்டம் ஒழுங்குப் பிரச்னை இருந்தாலன்றி, இந்த அனுமதி பொருந்தாது.

விஷம் என்ற சந்தேகம் இருந்தால் வயிறு, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளின் பகுதிகள் தடய அறிவியல் கூடத்துக்குப் போகும். அந்த முடிவு வரும்வரை டாக்டர் இறுதிக் காரணத்தை எழுத மாட்டார். 'டாக்டர் எதையோ மறைக்கிறார்' என்று குடும்பம் தவிப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அவசரப்பட்டு ஒரு காரணத்தை எழுதிவிட்டால் அது யாரோ ஒருவரின் தலையில் விழும். கல்வம் அரைத்த வேலைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே கல்லூரியில்தான் 1986-ல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 'அது நம் நாட்டு நோயே இல்லை' என்று பலர் நம்பிய காலம். நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் ஆய்வுக்கு இதைத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா தானே போய் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதித்தபோது சிலவற்றில் தொற்று உறுதியானது. ஒரு மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டின் நம்பிக்கையைத் திருத்தியது.

மூன்றாவது ஸ்டேஷன்: எழும்பூர்

எழும்பூர் ஸ்டேஷனின் சிவப்பும் வெள்ளையுமான முகப்பை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் ஒருகாலத்தில் கிளம்பியது இங்கிருந்துதான். 1952 ஆகஸ்டில் அந்த ரயில் மானாமதுரையை நெருங்கியபோது, ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் வந்தது. திறந்தால் தலையில்லாத உடல். பின்னர் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது.

தாத்தா பாட்டிகள் இன்றும் பேசும் ஆளவந்தார் வழக்கு இதுதான். இரண்டும் ஒரே ஆளுடையவையா, அவர் யார், வயது என்ன என்ற கேள்விகள் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தன. டி.என்.ஏ. சோதனை இல்லாத காலம். எலும்பு, பல், காது துளை என்று உடம்பே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் கைகொடுத்தது. பெயரில்லாமல் புதைந்து போயிருக்க வேண்டிய உடலுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

நான்காவது ஸ்டேஷன்: சேத்துப்பட்டு

எழும்பூருக்கு அடுத்தது சேத்துப்பட்டு. இங்கே இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கியபோது அதற்குக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்று பெயர். இதுவரை பார்த்தது இறந்தவர்களைப் பற்றிய கேள்வி. இங்கே கேட்டது உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது.

டி.பி. வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால் வேண்டும். அன்றைய உலகத்தின் நம்பிக்கை இது. ஆனால், சம்பாதிக்கும் அப்பாவோ சமைக்கும் அம்மாவோ ஒரு வருடம் வீட்டை விட்டுப் போனால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? நோயாளிகள் எல்லோருக்கும் படுக்கையும் கிடையாது.

வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையில்தான் முடிவானது. ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பகுதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் அதே மாத்திரை, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார்கள்.

1959-ல் வந்த முடிவு மருத்துவ உலகத்தைத் திகைக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்கள் சத்துக் குறைந்த சாப்பாடு சாப்பிட்டவர்கள், அதிகம் உழைத்தவர்கள். ஆனாலும், ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அவர்களால் வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடுவதுதான் விஷயம்.

வீட்டில் யாருக்காவது டி.பி. என்றால் தட்டை, டம்ளரைத் தனியாக ஒதுக்கும் பழக்கம் இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது. இந்தத் தெருவில் கிடைத்த பதில் அவர்களுக்கும்தான்.

கடைசி ஸ்டேஷன்: தாம்பரம் சானடோரியம்

சேத்துப்பட்டிலிருந்து 12-வது ஸ்டேஷன். 1928-ல் டாக்டர் சவுரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். அப்போது இது ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இடம். இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் காதைப் பிளக்கிறது. மருத்துவமனை வளாகத்துக்குள் மட்டும் இன்னும் மர நிழல் மிச்சம் இருக்கிறது.

சேத்துப்பட்டு ஆய்வுக்குப் பிறகு உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தாம்பரத்தில் இருந்தது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொடர்ந்தது. நிர்மலாவின் ஆய்வு எச்சரித்த ஹெச்.ஐ.வி. பரவியபோது, மற்ற இடங்களில் விரட்டப்பட்ட நோயாளிகள் பலர் வந்து சேர்ந்தது இங்கேதான். நாட்டின் முக்கியமான ஹெச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாகவும் இது வளர்ந்தது.

அடுத்த முறை இந்த ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்ற அறிவிப்பு கேட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று. தெரியாது என்றால், அடுத்து வரும் தாம்பரத்தில் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.