முல்லையாற்றங்கரையில்

பரளச்சியின் கரிசல் மண்ணில் பிறந்தவர்க்குத் திராட்சைத் தோட்டம் என்பது ஞாயிறு வாசகங்களில் மட்டும் கேட்டறிந்த ஒன்று. நிலக்கிழார் கூலியாட்களை அனுப்பிய தோட்டத்தையும், கனி தரும் கொடியும் கழித்துவிடப்படுவதையும் செவியால் அறிந்தோமேயன்றிக் கண்ணால் கண்டதில்லை. அக்குறை உத்தமபாளையத்தில் தீர்ந்தது.

முல்லைப் பெரியாற்றங்கரையில் அமைந்த பழம்பதி அது. ஊரையடுத்த பாறையில் ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. எனினும் என் கண்கள் பந்தல்களையே நாடின. ஒரு பந்தலில் அறுவடை. வரப்புக்கு அப்பால் பூ. அதற்கடுத்து, கவாத்து செய்யப்பட்ட மொட்டைக் கொடிகள். கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு திங்களில் பழம் வருமாம். அவரவர் வெவ்வேறு காலத்தில் வெட்டுவதால் ஆண்டு முழுவதும் திராட்சை! கொடியை வெறும் எலும்பாக்கிவிடும் அந்த வெட்டைக் கண்ட பின்னரே, நற்செய்தியின் அச்சொல் எத்துணைக் கடுமையானது என உணர்ந்தேன்.

இப்பன்னீர்த் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். 2023-இல் இது புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வளத்தின் வேர், மேற்கே ஓடிய பெரியாற்றை மலை குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பிய பணியில் இருக்கிறது. அந்நீர் வைகை வழியே மதுரைக்குச் செல்கிறது. எங்கள் குண்டாற்றுக்கு வருவதில்லை. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டியது 2021-இல்.

"உங்க பக்கம் என்ன விளையும்?" என்றார் தோட்டத்துப் பெரியவர்.

"மழை பெய்தால் மிளகாய், பருத்தி. இல்லையென்றால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம்தான், ஐயா."

அவர் மறுமொழி கூறவில்லை. கத்தரியை எடுத்து ஒரு கொத்தை நறுக்கி என் கையில் வைத்தார்.