பக்கத்துக் குரல்

எங்கள் வீட்டில் டிசம்பர் 31ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு நடுவீட்டில் பாய் விரிப்போம். வருஷப் பிறப்பு ஆராதனைக்காகப் பாடகர் குழு இரவு பதினொரு மணிக்கே கோயிலில் கூடிவிடும். அதனால் குடும்பத்தின் ஸ்தோத்திர ஜெபத்தை முன்னதாகவே முடித்துவிடுவது என் அப்பா காலத்து வழக்கம். அந்த ஆண்டு பெற்ற நன்மைகளை வீட்டுப் பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். மற்றவர்கள் 'ஸ்தோத்திரம்' சொல்வார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவை 34 ஆண்டுகள் நடத்தியவன் நான். இப்போது வயது 68.

சென்ற டிசம்பரில் ஜெபத்தைத் தொடங்கப்போன என்னை என் மகள் நிறுத்தினாள். "அப்பா, இந்த வருஷம் அம்மா முதல்ல சொல்லட்டும். நீங்க கடைசியாச் சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு மாற்றம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பாடகர் குழு நடத்துவது என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். எங்கள் கோயில்களில் இரண்டு ஆறுகள் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று பாமாலை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு காலம் முதல் ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தமிழில் எழுதப்பட்ட பாடல்கள் அவை. மற்றது கீர்த்தனை. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகத்திலும் தாளத்திலும் கட்டிக் கொடுத்தவை அவை. இரண்டையும் ஒரே குழு, ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட வேண்டும். பாமாலைக்கு நான்கு குரல் பிரிவுகள்: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். அதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு உதவியது டானிக் சோல்ஃபா. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறை அது. கோட்டுக் குறிமானம் தெரியாத ஊர்ப் பிள்ளைகளும் டோ, ரே, மி என்று எழுத்தைப் பார்த்தே பாடிவிடலாம். ஆதார ஷட்ஜம் ஆளுக்கு ஆள் மாறுவதுபோல அதிலும் 'டோ' இடம் மாறும் என்பதால் நம் காதுக்கு அது அந்நியமாக இல்லை. மிஷன் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த அப்பா தன் கையாலேயே எழுதிய சோல்ஃபா நோட்டுதான் எனக்குக் கிடைத்த பிதுரார்ஜிதம்.

இந்த நான்கில் சபையார் காதில் தனியாக விழாதது ஆல்ட்டோ. மெட்டு சோப்ரானோவிடம் இருக்கும். கனம் பேஸிடம் இருக்கும். ஆனால் டோ, மி, சோ என்று மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது, பல இடங்களில் அந்த 'மி' ஆல்ட்டோவிடம்தான் இருக்கும். நம் கணக்கில் சொன்னால் ச, க, ப. அந்தக் காந்தாரம்தான் பாட்டு மகிழ்ச்சியா துக்கமா என்று முடிவு செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சத்தம் குறையாது. ஆனால் பாட்டு உள்ளே பொக்கையாகிவிடும்.

என் மனைவி முப்பது ஆண்டுகளாக ஆல்ட்டோ பாடுகிறவள்.

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை அவள் புறவாசலில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். "சுளுக்கு" என்றாள். சரி என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். லெந்து காலத்தின் கடைசி வாரம் அது. பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை நடக்கும் ஆராதனையில் சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பாட்டு. ஈஸ்டர் அன்று விடிகாலை நான்கு மணிக்கு வேறு பாட்டுகள். தினமும் பயிற்சி. வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே வந்தேன்.

பெரிய வெள்ளியன்று நான்காம் பாட்டில் 'மி' தேய்ந்து கேட்டது. ஆல்ட்டோ வரிசையைப் பார்த்தேன். என் மனைவி பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பாடினாள். நான் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்பிள்ளைகளைப் பார்த்து, இன்னும் சத்தமாகப் பாடுங்கள் என்று கைகாட்டினேன். பாட்டு சரியாகிவிட்டது. எனக்கும் திருப்தியாகிவிட்டது.

ஒரு குரல் இறங்கியதைக் கண்டுபிடிக்கும் காது எனக்கு இருந்தது. அது ஏன் இறங்கியது என்று கேட்கும் மனம் இல்லை.

ஈஸ்டருக்கு வந்த மகள்தான் அம்மாவால் குழம்புச் சட்டியை இறக்க முடியவில்லை என்பதைக் கண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எலும்பு முறிந்திருந்தது. விழுந்து எத்தனை நாளாயிற்று என்று டாக்டர் கேட்டார். "ஒன்பது நாள்" என்று என் மனைவி சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரமும் நான் பயிற்சிக்குப் போகவில்லை. என்னிடம் சோல்ஃபா படித்து வளர்ந்த ஓர் ஆசிரியை குழுவை நடத்தினார். குழு நன்றாகவே பாடியது. நான் காய் நறுக்கினேன், சோறு வடித்தேன், அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். பயிற்சிக்கு வராத நாட்களில் அந்த நேரத்தில் அவள் திண்ணையில் உட்கார்ந்து, கோயிலிலிருந்து வரும் பாட்டுக்கு ஆல்ட்டோவை மெல்ல முணுமுணுப்பாள். எத்தனை வருஷமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

டிசம்பர் 31 அன்று பாயில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் நன்மையே அந்த ஆறு வாரம்தான். கை முறிந்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னாள். மகள் அழுதுவிட்டாள். "அன்னைக்கே ஏன்மா சொல்லல? சொல்லியிருந்தா அப்பா பிராக்டிஸை விட்டுட்டு வந்திருப்பாங்கல்லா?" என்றாள்.

என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வந்திருப்பாங்கதான். ஒருவேளை சொல்லியும் வரலைன்னா, அதை எப்படிம்மா தாங்குவேன்? அதான் சொல்லல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று கடைசியாக என் முறை வந்தபோது, நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த நன்மைகளின் வரிசை எதுவும் வாயில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். 34 ஆண்டுகளில் நான் கோயிலுக்குக் கொடுத்ததாக நினைத்திருந்த சாயங்காலங்கள் என்னுடையவை அல்ல என்பதை அந்தப் பாயில்தான் அறிந்தேன். அவை என் மனைவியுடையவை. காய்ச்சலில் படுத்துக்கொண்டு, அப்பா கேரல் பவனி முடிந்து எப்போது வருவார் என்று கேட்ட என் பிள்ளைகளுடையவை. அவர்கள் பையிலிருந்து எடுத்து என் பெயரில் காணிக்கை போட்டிருக்கிறேன்.

நாளாகமம் முதல் புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தில் தேவாலயப் பாடகர்களின் கணக்கு இருக்கிறது. மொத்தம் 288 பேர். அவர்களில் ஏமானுக்கு 14 குமாரர், 3 குமாரத்திகள் என்று பிள்ளைகளையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். அதைப் பலமுறை பெருமையோடு வாசித்திருக்கிறேன். இந்த ஆண்டு வாசித்தபோதுதான், அந்தப் பதினேழு பேரை வளர்த்த தாயின் பெயர் அங்கே இல்லை என்பது கண்ணில் பட்டது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரையும் நினைத்துக்கொண்டேன். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசைப் பெருநூலைத் தந்தவர். அதற்கு முந்தின ஆண்டு பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் சுருதி பற்றி அவர் சொன்னதை இசைத்துக் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். வீட்டாரை வாசலில் காத்திருக்க வைக்காமல் அவர் தன்னோடு மேடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவர் கண்டுகொண்டதைக் காண எனக்கு 34 ஆண்டுகள் ஆயின.

இப்போது குழுவின் பொறுப்பை அந்த ஆசிரியையிடமே ஒப்படைத்துவிட்டேன். எட்டு மணிக்குப் பயிற்சி முடிய வேண்டும் என்பது மட்டுமே நான் அவரிடம் கேட்டுக்கொண்டது. நான் பேஸ் வரிசையில் நின்று பாடுகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முன்பு சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தை இன்றும் சொல்கிறேன்: உனக்கு உன் குரல் மட்டும் கேட்டால் நீ தப்பாகப் பாடுகிறாய், பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்கும் அளவுக்குப் பாடு. அதை வீட்டில் கடைப்பிடிக்காமல் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோயில் வேலையோ, சங்க வேலையோ, பள்ளிக்கூட வேலையோ, பிறருக்காக ஓடுகிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஓட்டம் நல்லது; நிறுத்தாதீர்கள். ஆனால் ஆண்டு முடியும் நாளில் கணக்குச் சொல்லும் முறையை வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் கொடுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். "சுளுக்குதான்" என்று யாராவது சொன்னால், கையைப் பிடித்துப் பாருங்கள்.