தகரத்துக்குக் கீழே இரண்டு அங்குலம்

"கையைத் தூக்கிப் பாருங்க சார்" என்றார் மேஸ்திரி. திருமங்கலத்தில், மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை. சித்திரை வெயில். வெறும் ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையைக் காட்டினேன். தொடாமலேயே சுட்டது. இரண்டடி தள்ளி, அலுமினிய ஃபாயில் கட்டி முடித்திருந்த இடத்தில் அந்தச் சூடு இல்லை.

கையில் இறங்கியது கதிர்வீச்சு. 65 டிகிரிக்குக் காய்ந்த, பெயின்ட் அடித்த ஷீட், சதுர மீட்டருக்கு 650 வாட்டுக்கு மேல் கீழ்நோக்கி உமிழும். சூடான காற்று கூரையை ஒட்டியே தங்கிவிடுவதால், மேலிருந்து நம்மிடம் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம்: ஃபாயிலின் மினுங்குகிற பக்கம் வானத்தைப் பார்த்துத்தானே இருக்க வேண்டும்? "மேல பாத்தா தூசி அடையும்ணே. அப்புறம் அது வெறுந்தாளு. கீழ பாத்தே இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி. அனுபவத்தில் சொன்னார், இயற்பியலும் அதையே சொல்கிறது. பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் திருப்பிவிடும். அதே குணத்தால், தானே சூடேறினாலும் மிகக் கொஞ்சம்தான் உமிழும். கீழ்ப்பக்கம் மினுங்கினாலும் வேலை நடப்பது இதனால்தான். 1892இல் ஜேம்ஸ் டிவார் உருவாக்கிய குடுவைக்கு, இன்றைய பிளாஸ்க்கின் மூதாதைக்கு, வெள்ளிப்பூச்சு பூசியதும் இதற்காகவே.

ஆனால் மினுங்கும் பக்கத்துக்கு எதிரே காற்று இருக்க வேண்டும். ஷீட்டுக்கும் பிவிசி சீலிங்குக்கும் நடுவில் ஃபாயிலை வைத்து அமுக்கிவிட்டால் சூடு உலோகத்தின் வழியே நேராகக் கடந்துவிடும். ஃபாயிலில் உள்ள குமிழிகளுக்குள் இருக்கும் துளிக் காற்றுதான் மிச்சத் தடை. அதனால் இவர்கள் ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டங்களுக்கு அடியில் ஜிஐ கம்பியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஃபாயிலை விரித்து, சேரும் இடங்களில் டேப் ஒட்டுகிறார்கள். சீலிங் அதற்கும் இரண்டு அங்குலம் கீழே. அந்த இடைவெளி கூரையைத் தாழ்த்துகிறதே என்று வீட்டுக்காரருக்கு வருத்தம். மேஸ்திரி விட்டுக்கொடுக்கவில்லை.

அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும். ஆஸ்திரேலிய அரசு 2009இல் வீடுகளுக்கு மானியத்தில் வெப்பக்காப்பு போடத் தொடங்கியது. நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி. அவர்களில் இருவர் குயின்ஸ்லாந்தில் ஃபாயில் விரித்தவர்கள். நான்காமவரைக் கூரைக்குள் இருந்த வெக்கையே கொன்றது. 2010இல் திட்டம் நின்றது.

இந்தச் செய்தி மேஸ்திரிக்குத் தெரியாது. ஆனால் சாரத்தில் ஏறுமுன் "மெயினை எறக்குடா" என்பதுதான் அவருடைய முதல் சொல். பர்லினில் தொங்கும் பழைய வயரைக் குழாய்க்குள் விட்ட பிறகே ஃபாயில் சுருளைப் பிரிக்கிறார். பதினொரு மணிக்கு ஆட்களை இறக்கிவிட்டு, நாலு மணிக்கு மறுபடி ஏற்றுகிறார்.

கூலியோ சதுர அடிக் கணக்கு. இந்தப் பாதுகாப்பு நேரத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. வீடு கட்டுகிறவர்கள் இதைத் தனியாகக் கணக்கிட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டுப் பார்த்ததுண்டா என்றேன்.

"அதையும் சேத்து ரேட்டு சொன்னா, வேற ஆளக் கூப்புட்டுக்கிறாங்க சார்."