வரவு, செலவு, கொஞ்சம் கூலண்ட்

எனக்கும் மெஷினுக்கும் ஏழாம் பொருத்தம். விருதுநகரில் பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்தவன். ஸ்கூட்டர் நின்றுபோனால் சாய்த்து வைத்து நாலு உதை விடுவதோடு என் மெக்கானிக் ஞானம் முடிந்தது. அப்படிப்பட்டவனைத் தூக்கி குஜராத்தில் வேராவலில் போட்டார்கள். துறைமுகம் பூரா டிராலர்கள். என் மேஜைக்கு வரும் கடன் மனுக்களில் பாதி எஞ்சின் ரிப்பேர்தான்.

வந்த புதிதில் ஒருவர் மூன்று லட்சம் கேட்டார். எஞ்சின் சூடாகி கூலண்ட் பொங்கி வழிகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, முழுசாகப் பிரித்து மேய வேண்டும் என்று கொட்டேஷன். பேப்பரெல்லாம் சுத்தம். கையெழுத்துப் போட்டேன்.

ஒரே மாதம். மறுபடி பொங்கியது. நடுக்கடலில் எஞ்சின் ஜாம். வேறு படகு கட்டி இழுத்து வந்தது. சீசன் போச்சு, தவணை போச்சு, தொண்ணூறு நாளில் கணக்கு வாராக்கடன் ஆச்சு. படகை விற்று அடைத்தார். இன்று வேறொருவர் படகில் தண்டேலாக (நம்ம ஊர் ஸ்ராங்கு) போகிறார். பிரித்தபோதுதான் தெரிந்தது, கோளாறு கேஸ்கெட்டில் இல்லவே இல்லை.

இதை ஒரு பெரியவரிடம் புலம்பினேன். கப்பல் எஞ்சின் ரூமில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவர், எஃப்.டி. புதுப்பிக்க வருவார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சாஹேப், எவ்வளவு வழிஞ்சதுன்னு எல்லாரும் பாத்தீங்க. எவ்வளவு ஊத்தினாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

அடடா, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே! வரவு செலவு!

டீ குடித்தபடி பாடம் நடந்தது. படகு எஞ்சினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று உள்ளேயே சுற்றும் கூலண்ட். மற்றது கடலிலிருந்து பம்ப் இழுத்து வெளியே தள்ளும் உப்புத் தண்ணீர். இரண்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சந்திக்கும், ஆனால் கலக்கக் கூடாது. நடுவில் மெல்லிய குழாய்ச் சுவர்தான் வேலி. டாங்க் மூடியில் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அரை பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும்.

இனி பேரேடு:

ஒருமுறை வழிந்து, பிறகு மட்டம் கொஞ்சம் கீழே நின்றுவிட்டால், கழுத்து வரை ஊற்றியிருக்கிறீர்கள். சூட்டில் விரிவதற்கு இடமில்லை. அவ்வளவுதான்.

சூடு காட்டும் முள் ஏறினால் முதலில் கடல் பக்கம் பாருங்கள். வடிகட்டியில் குப்பை, பம்பின் ரப்பர் இம்பெல்லரில் இறக்கை உடைசல், குழாய்க்குள் உப்புப் படிவு. முள் சரியாக இருந்தும் வழிந்தால் மூடி ஸ்பிரிங்கையும் சந்தேகப்படலாம்.

எஞ்சின் சூடாகும் முன்னமே டாங்க்கில் விடாமல் குமிழி, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது. அப்போதுதான் கேஸ்கெட் பக்கம் போகலாம்.

தினமும் வழிகிறது, யாரும் ஊற்றவில்லை, டாங்க் மட்டும் நிறைந்தே இருக்கிறது! வரவு எங்கிருந்து? கடலிலிருந்து. எக்ஸ்சேஞ்சர் குழாயில் ஓட்டை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கூலண்டில் அழுத்தம் இல்லை. கடல் பம்பின் அழுத்தம் ஜெயித்து உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னொருவர் வந்தார். அதே வழிசல், அதே மாதிரி கொட்டேஷன், இரண்டே முக்கால் லட்சம். "பாய், தண்ணி எவ்வளவு ஊத்துவீங்க?" என்றேன். யோசித்தார். "ஊத்தினதே இல்ல சாஹேப், எப்பவும் ரொம்பித்தான் இருக்கும்."

பெரியவரைக் கூட்டிப்போனேன். டாங்க் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். பால் மாதிரி திரண்டது. குழாய்த் தண்ணீரில் விட்டால் லேசாக மங்கியதோடு சரி. எக்ஸ்சேஞ்சரைக் கழற்றி, தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தால் இரண்டு குழாயில் குமிழி. புதுக் குழாய்கள், புது ஜிங்க் கட்டை, நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசல், புதுக் கூலண்ட். எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம். கடனே வேண்டாம் என்று போய்விட்டார். "வந்த பிசினஸை விரட்டிட்டீங்களே" என்று மேலிடத்தில் ஒரு குட்டு வாங்கினேன். பரவாயில்லை.

படகு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். உப்பு இருக்கிறதா என்று கூலண்டை நக்கிப் பார்க்காதீர்கள், அதில் இருக்கும் கிளைக்கால் விஷம்.

அந்த முதல் ஆள் இப்பவும் துறைமுகத்தில் பார்த்தால் "கேம் சோ, சாஹேப்?" என்று சிரிக்கிறார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்குத்தான் வாய் வருவதில்லை. பி.காம். படித்தவன், அன்றைக்கே அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.